குலை எடையின் சராசரியை கிராஃப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். ஒரு பீல்டில் 60 குலைகளை நிறுத்தோம். 5–10 கிலோவில் 4, 10–15இல் 14, 15–20இல் 22, 20–25இல் 12, 25–30இல் 8. தனித்தனி எடையை எழுதி வைக்கவில்லை. குலைக்குச் சராசரி எவ்வளவு என்று மேனேஜர் கேட்கிறார். கிராஃப் போட்டாலே தெரிந்துவிடும் என்கிறாள் படிவம் 5 படிக்கும் மகள். லாரியில் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லவும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மகள் பள்ளியில் படிப்பது மூன்று சராசரிகள்: மின் (mean, மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்து வருவது), மீடியன் (நடுவில் நிற்பது), மோட் (அதிகம் வருவது). இவற்றில் மீடியனும் மோடும் கிராஃபிலேயே கிடைத்துவிடும். மின்னைக் கோடு இழுத்துப் படிக்க முடியாது. லாரிக் கணக்குக்கு உங்களுக்கு வேண்டியதோ அந்த மின்தான்.

முதலில் மீடியன், அதாவது நடுக்குலையின் எடை. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 4, 18, 40, 52, 60. கிராஃப் தாளில் குறுக்கே எடை, நெடுக்கே இந்தக் கூட்டுத்தொகை. நெடுக்கே 2 செ.மீ.க்கு 10 குலை என்று வைத்தால் 12 செ.மீ. உயரத்தில் முடிந்துவிடும். புள்ளியை ஒவ்வொரு பிரிவின் மேல் எல்லையில் வைக்க வேண்டும்: 10க்கு நேரே 4, 15க்கு நேரே 18, இப்படியே 30க்கு நேரே 60. தொடக்கப் புள்ளி 5க்கு நேரே பூஜ்யம். பலர் பிரிவின் நடுவில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வளைவு முழுக்க இரண்டரை கிலோ இடப்பக்கம் நகர்ந்து, விடையும் அவ்வளவு குறைந்துபோகும்.

புள்ளிகளை இணைத்தால் வருவதுதான் ஓஜைவ். பிரான்சிஸ் கால்டன் 1875லேயே கையாண்ட வளைவு இது. 60இல் பாதி 30. அந்த உயரத்திலிருந்து வளைவு வரை படுக்கையாக ஒரு கோடு, அங்கிருந்து நேரே கீழே ஒரு கோடு. கோடு 17.7 கிலோ அருகில் வந்து நிற்கும். பாதிக் குலைகள் அதற்குக் கீழ், பாதி அதற்கு மேல்.

மோடுக்கு ஹிஸ்டோகிராம் வரைய வேண்டும், அதாவது ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் அதன் குலை எண்ணிக்கை உயரத்துக்கு ஒரு கட்டம். கட்டங்களுக்கு இடையே இடைவெளி கூடாது, அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரமான கட்டம் 15–20. அதன் இடது மேல் மூலையிலிருந்து அடுத்த கட்டத்தின் இடது மேல் மூலைக்கு ஒரு கோடு. அதன் வலது மேல் மூலையிலிருந்து முந்தைய கட்டத்தின் வலது மேல் மூலைக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து கீழே இறங்கினால் 17.2 கிலோ. இந்த எடையை ஒட்டித்தான் குலைகள் அதிகம் விழுகின்றன.

மின்னுக்குக் கால்குலேட்டரை எடுங்கள். பிரிவின் நடு எடையை எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 7.5 × 4, 12.5 × 14, அப்புறம் மற்றவை. மொத்தம் 1,080 கிலோ. 60ஆல் வகுத்தால் 18 கிலோ. தனித்தனி எடை கையில் இல்லாததால் இது மதிப்பீடுதான். ஆனாலும் நல்ல மதிப்பீடு.

மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். லாரியில் 500 குலை ஏறுகிறது என்றால், 18ஆல் பெருக்கினால் 9 டன். 17.2ஆல் பெருக்கினால் 8.6 டன். ஆலைத் தராசுக்கு வரும் முன்பே 400 கிலோ காணாமல் போகிறது! கனமான குலைகள் சிலவாக இருந்தாலும் அவற்றின் எடையும் லாரியில்தானே ஏறுகிறது? மொத்தத்தைக் கேட்டால் மின்னைத் தவிர வேறெதையும் பெருக்காதீர்கள். வழக்கமான குலை எப்படி இருக்கும் என்று மேனேஜர் கேட்டால் மீடியனைச் சொல்லுங்கள்.

அதற்காக கிராஃப் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எண்கள் காட்டாத ஒன்றை ஹிஸ்டோகிராம் காட்டும். இளம் மரங்களின் குலை சிறியது, மரம் முதிர முதிரக் குலை கனக்கும். இளம் மரப் பீல்டு ஒன்று, முதிர்ந்த மரப் பீல்டு ஒன்று என இரண்டின் குலைகளும் கலந்திருந்தால் படத்தில் இரண்டு மேடுகள் எழும்பும். அப்போது அந்த மூன்றில் எந்தச் சராசரியும் எந்தப் பீல்டையும் குறிக்காது. பீல்டு வாரியாகப் பிரித்து மறுபடி நிறுங்கள். இந்த முறை ஒவ்வொரு குலையின் எடையையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.