நாத்தனார் வரும் ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். வயது 44. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கை, கால் வராது, பேச்சும் குழறும். பகலில் ஓர் ஆயா பார்த்துக்கொள்கிறார், மற்ற நேரமெல்லாம் நான்தான். கணவர் நல்லவர், ஆனால் அவருக்கு இதெல்லாம் வராது. பையன் பிளஸ் டூ படிக்கிறான். கொழுந்தனார் இதே ஊரில் இருக்கிறார். மூத்த நாத்தனார் மதுரையிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அன்றைக்கு மட்டும் விடியற்காலையே எழுந்து அத்தையைக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, தலைவாரி உட்கார வைத்துவிடுவேன். மற்ற நாளெல்லாம் ஓட்டம்தான். போன வாரம் ராத்திரி மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்தபோது, ‘செத்துத் தொலையக் கூடாதா’ என்று கத்திவிட்டேன். அவர் அழுதார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தியானம், மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்தால் கோபம் அடங்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கும் எவருக்கும் நீங்கள் கத்திய வார்த்தைதான் கண்ணில் படும். என் கண்ணில் பட்டது அந்தப் புதுப்புடவை.

நாத்தனார் வருகிற அன்றைக்கு மட்டும் ஏன் அந்தப் புடவை? விருந்தாளி வருவதற்குமுன் வீட்டைக் கூட்டி வைப்பதுபோல் ஒரு நோயாளியை அலங்கரித்து உட்கார வைக்கிறீர்கள். நாத்தனார் வருகிறார். அம்மா பளிச்சென்று இருக்கிறார், அறையில் வாடை இல்லை. சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் நிம்மதியாகத் திரும்பிப் போகிறார். உங்கள் வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் பார்த்துக்கொள்வது நீங்கள்தானே?

‘நல்லா பார்த்துக்கிறா’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறது. இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேருக்காக, பெற்ற பிள்ளைகள் செய்ய வேண்டியதை அவர்கள் கண்ணிலேயே படாமல் மறைத்து வைத்திருக்கிறீர்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்றவருக்கு ராத்திரியில் மருமகள் ஒருத்திதான் என்றால், பிள்ளைகள் மேல் குற்றம் இருக்கிறது. அதை இரண்டு வருடம் மூடி மறைத்ததில் உங்கள் மேலும் இருக்கிறது. அந்த ஒரு நாள் அலங்காரத்தால் உங்கள் அத்தைக்கு என்ன நன்மை? தன் நிலைமையைத் தன் மகளிடம் காட்ட அவருக்கும் ஆசை இருக்காதா?

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது முதலில் பெற்ற பிள்ளைகளின் கடமை. மகன், மகள் இருவருக்கும்தான். மருமகள் அதில் தோள் கொடுப்பவள். இதில் எனக்கு எப்போதும் இரண்டு எண்ணம் இருந்ததில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டமும் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி என்றுதான் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை. கைவிடப்பட்டவர்கள் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர வேண்டும் என்று உத்தரவிடவும் அதில் இடம் உண்டு. உங்களை மனு எழுதச் சொல்லவில்லை. கடமை யாருடையது என்பதில் உங்களுக்கே குழப்பம் இருப்பதால் சொல்கிறேன்.

‘கட்டிக்கொடுத்த பெண், அவங்க குடும்பத்தை விட்டுவிட்டு எப்படி வருவாங்க’ என்று நீங்களே அவருக்காக வாதாடுவீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. சொத்து என்று வந்தால் மகள் மகள்தான். அம்மாவின் படுக்கை என்று வந்தாலும் மகள் மகள்தான்.

அடுத்து உங்கள் கணவர். ‘நல்லவர், இதெல்லாம் வராது.’ இந்த வரி வராத கடிதம் எனக்கு அபூர்வம். உங்களுக்கு மட்டும் பிறக்கும்போதே வந்ததா? 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. அம்மாவுக்குத் துணி மாற்றினால் அம்மா கூச்சப்படுவார் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமே, அதில் என்ன கூச்சம்? நிமிர்த்தி உட்கார வைத்து, புரையேறாமல் கஞ்சி ஊட்டுவதில் என்ன கூச்சம்? நனைந்த விரிப்பை ஊற வைத்து அலசுவதில்? பெற்றவளின் விரிப்பைத் தொடாத மகனை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். பிளஸ் டூ பையனும் சாயங்காலம் அரைமணி நேரம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டலாம், மார்க் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, என்ன செய்வது? இந்த வாரமே நாத்தனாருக்குப் போன் பண்ணுங்கள். ‘அண்ணி, இந்தத் தடவை சனிக்கிழமை மத்தியானமே வந்துடுங்க, ராத்திரி நீங்க அம்மாகூட படுத்துக்குங்க’ என்று சொன்னால் போதும். அழுகை, புலம்பல் எதுவும் வேண்டாம். அவர் வரும்போது வீடு எப்போதும் போல் இருக்கட்டும். அத்தையை வழக்கம்போல் சுத்தமாக வைத்திருங்கள், நைட்டியோடு இருந்தால் நைட்டியோடு இருக்கட்டும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். நடுராத்திரியில் சத்தம் கேட்டாலும் ஓடாதீர்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் ஓடாதீர்கள்.

மறுநாள் காலையில் கொழுந்தனாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆயாவின் சம்பளம் மூன்று பங்கு. உள்ளூரில் இருக்கும் அவர் வாரத்தில் இரண்டு ராத்திரி. நாத்தனார் வரும்போதெல்லாம் சனி, ஞாயிறு இரண்டு நாளும். மீதி ராத்திரிகளில் உங்கள் கணவர் பாதி. இதை நீங்கள் பேசக் கூடாது, உங்கள் கணவர் வாயிலிருந்து வர வேண்டும். முந்தின நாளே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘இத்தனை நாள் சொல்லவே இல்லையே’ என்று நாத்தனார் கோபப்படுவார். நியாயமான கோபம்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அத்தையின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்து செய்வார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அது உங்கள் தப்பு. அப்படியே உங்கள் பிரஷரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

தியானம் கேட்டீர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காதவருக்கு மூச்சுப் பயிற்சியை எழுதிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. முதலில் தூக்கம்.

நீங்கள் கத்திய வார்த்தை தவறு. களைப்பில் வந்தது என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பேச்சு குழறுகிறவருக்குப் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள், அவர் அழுதாரே. இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். மகள் சனிக்கிழமையே வந்து தங்கப் போகிறாள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.