பிள்ளை வளர்க்க எம்.எஸ்சி. எதுக்கு?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டேன். குழந்தை, வளரிளம் பருவம், குடும்பம் பற்றிச் சொல்லித்தரும் எம்.எஸ்சி. மனித வளர்ச்சி படிக்க ஆசை. அப்பாவோ, "பிள்ளை வளர்க்கப் படிப்பு எதுக்கு? பி.எட். சேரு, இல்லேன்னா தபால்ல எம்.எஸ்சி. உளவியல் எழுது" என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: படியுங்கள் அம்மா. தபால் வழிப் பேச்சை முதலில் விட்டுவிடலாம். உளவியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்துவதை 2025 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்தச் சொல்லிவிட்டது.

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். பதில் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. தாய் தகப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. பொங்கலுக்கு அம்மா வந்து கை நீட்டினால் மூன்று வயதுப் பிள்ளை பாட்டியின் முந்தானைக்குள் ஒளிகிறது. "என்னை மறந்துடுச்சே" என்று அவள் அழ, பாட்டி பிள்ளையை முன்னால் தள்ள, அது வீறிடுகிறது. மூன்று பேர் மேலும் தப்பில்லை. தினமும் தூக்கிய கையைத்தான் பிள்ளை அடைக்கலமாக நினைக்கும். அம்மா அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவே மெல்ல வரும். இதை அந்த அம்மாவுக்கும் பாட்டிக்கும் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் பேசும் வீட்டுக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டும். கல்யாணத்தைத் தடுக்க, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரும் போன் போடலாம். அதற்குப் பிறகு அந்தத் தாயின் பயம் என்னவென்று உட்கார்ந்து கேட்க, பயிற்சி தேவை.

கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்தில் மனித வளர்ச்சித் துறை இருக்கிறது. வெளியூர் போக முடியுமென்றால் வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், டெல்லி லேடி இர்வின் கல்லூரி. உளவியல் பட்டத்துக்கு இடம் உண்டா, களப்பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டுவிட்டே சேருங்கள். களப்பயிற்சி குறைவாக இருந்தால் எனக்கு அது வேண்டாம் என்றே தோன்றும்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். இந்தப் பட்டம் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கும், சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலைக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். இந்தப் படிப்பை நம்பிப் போகக்கூடியவை குழந்தைகள் பாதுகாப்புப் பணிகள், தொண்டு நிறுவனங்கள், பள்ளி ஆலோசகர் வேலை. டி.என்.பி.எஸ்.சி. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அறிவிப்பு வந்தால் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். இந்தப் படிப்பு மனையியலில் அடங்குவதால், அந்தப் பாடத்தில் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதிக் கல்லூரிப் பக்கமும் போகலாம்.

விண்ணப்பிப்பதற்கு முன் பக்கத்து அங்கன்வாடியில் டீச்சரிடம் அனுமதி கேட்டுச் சில வாரம் காலை வேளையில் உட்காருங்கள். ஒரே ஒரு பிள்ளையைக் கவனித்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அலுக்கவில்லை என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சேலம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறுங்கள். அவர் கேள்வியை அவரே அங்குள்ள பேராசிரியர்களிடம் கேட்கட்டும்.