எந்த மூலக்கதை?

கேள்வி: சூப்பர்மேனின் பிறப்புக் கதையை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். 2024இல் தொடங்கிய புதிய காமிக்ஸ் தொடரில் அவனைப் பெற்றவர்கள் கிரிப்டான் கிரகத்தின் உழைப்பாளிகளாம். அவன் பூமிக்குக் கைக்குழந்தையாகவும் வரவில்லையாம். படைத்தவர்கள் தந்த மூலக்கதையைச் சிதைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: எந்த மூலக்கதையைச் சொல்கிறீர்கள்? ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த நாயகன் 1938 ஜூன் மாத ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானபோது, அவன் பிறப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். முதுமையடைந்து அழிகிற பெயரில்லாத ஒரு கிரகம், அவசரமாகச் செய்த விண்கலத்தில் மகனை அனுப்பிவைக்கும் ஒரு விஞ்ஞானி, அந்தக் குழந்தையைக் கண்டெடுத்து அனாதை இல்லத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகும் ஒரு வழிப்போக்கர், அங்கே நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பொடியனைக் கண்டு திகைக்கும் ஊழியர்கள் என்று சில கட்டங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் கிரிப்டான் என்ற பெயரே இல்லை. வளர்த்த கென்ட் தம்பதியும் இல்லை. அவனுக்குப் பறக்கவும் தெரியாது, 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டிக் குதிப்பான். அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட் என்ற கல் 1943இல் வானொலித் தொடரிலிருந்து வந்து சேர்ந்தது. நீங்கள் காக்க நினைக்கும் மூலக்கதை, பலர் பல ஆண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து வளர்த்தது.

ஆகவே, மாற்றினார்கள் என்பது குற்றமாகாது. மாற்றத்தால் கதைக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும். 1986இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த ஆறு இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கிரிப்டானில் மனிதரை மனிதர் தொடுவதே அநாகரிகம். குழந்தைகள் கருவறையில் வளராமல் இயந்திரக் கலத்தில் வளர்கிறார்கள். மகன் போகவிருக்கும் பூமியைத் தந்தை காட்டும்போது, வெற்று மார்போடு வயலில் நிற்கும் விவசாயியைப் பார்த்துத் தாய் அருவருத்துப் பதறுகிறாள். மண்ணும் வியர்வையும் உள்ள அந்த உலகத்தில்தான் அவள் பிள்ளை அன்பைக் கற்கப் போகிறான் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. முந்தைய கதைகளில் இறந்துபோன கென்ட் தம்பதியையும் பைர்ன் உயிரோடு வைத்தார். மாபெரும் பலசாலி வீடு திரும்பி யோசனை கேட்க ஓர் அம்மாவும் அப்பாவும் கிடைத்தார்கள். இதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 தொடருக்கு வருகிறேன். பெற்றோரை உழைப்பாளிகளாக்கியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1938 இதழிலேயே அவன் மனைவியை அடிப்பவனைப் புரட்டியெடுத்தான், குற்றமற்ற பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்டான், செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனை நடுங்கவைத்தான். எளியவர் பக்கம் நின்ற அவனுக்கு அந்தப் பிறப்பு பொருந்தவே செய்கிறது. ஆனால் விவரம் தெரிந்த வயதில், இழப்பின் நினைவோடு அவன் வருவதில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. யாரோ பெற்ற பிள்ளையை, அவன் யாரென்று அறியாமலே, தம் பிள்ளையாக வளர்த்த இருவரின் அன்பு இக்கதையின் ஆணிவேர். அந்த வளர்ப்புக் காலம் சுருங்கும்போது, அவன் ஏன் நல்லவனானான் என்ற கேள்விக்கான பதிலும் மெலிந்துவிடுகிறது.

ஆனால் துரோகம் என்ற சொல்லை இங்கே வீணாக்காதீர்கள். அந்த முதல் 13 பக்கங்களுக்கு, சூப்பர்மேன் மீதான முழு உரிமையும் சேர்த்து, சீகலுக்கும் ஷஸ்டருக்கும் கிடைத்தது 130 டாலர். 1947இல் உரிமை கேட்டு வழக்காடிய பிறகு அவர்கள் பெயர்களே இதழ்களிலிருந்து மறைந்தன. ஷஸ்டரின் கண்பார்வை மங்கி, இருவரும் வறுமையில் வாடி, செய்தி வெளியே வந்து ஓவியர்களும் எழுத்தாளர்களும் குரல் கொடுத்த பிறகு, 1975 டிசம்பரில்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகைக்கு, சூப்பர்மேன் உரிமையை வைத்திருந்த நிறுவனம் இணங்கியது. அவன் கதைகளின் மேல் அவர்கள் பெயர்களும் அப்போதுதான் திரும்பி வந்தன.