இருபதாம் தேதியே தீர்ந்துபோகும் மளிகைப் பணம்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டுச் செலவுக்கென்று மாதம் 10,000 ரூபாய் ஒதுக்குகிறோம். முதல் வாரத்தில் 5,500 ரூபாய்க்கு மளிகை வாங்கிவிடுவேன். மீதியில் பால், காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி. எப்படிப் பார்த்தாலும் இருபதாம் தேதிக்கு மேல் தாண்டுவதில்லை. கடைசிப் பத்து நாள் பக்கத்துக் கடையில் பற்று. நான் எங்கே தவறுகிறேன்?
— வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். மளிகை போக கையில் நிற்பது 4,500 ரூபாய். ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் பால் என்றால் மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாய் போய்விடும். வாரம் ஒரு கிலோ கோழிக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு வாரத்துக்கு 1,000. மீதி 1,500. ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதில் ஐந்து பேருக்குக் காய், பழம், முட்டை, மாலையில் பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. நீங்கள் ஊதாரித்தனம் செய்யவில்லை. ஒதுக்கிய தொகையே உங்கள் வீட்டுக்குப் போதவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டுக் கணக்கு இடிக்கும்போதெல்லாம் பழி சமைக்கிறவர் தலையில்தான் விழுகிறது. 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு போட்ட தொகையாக இருக்கலாம். சம்பளத்தில் வாடகை, கல்விக் கட்டணம், தவணை எல்லாம் போக மிஞ்சியதாக இருக்கலாம். சாப்பாட்டுச் செலவை அப்படி மிச்சத்திலிருந்து எடுத்தால் எந்த வீட்டிலும் நிற்காது. கடந்த மூன்று மாதம் உண்மையில் என்ன செலவானது என்று எழுதுங்கள். கடைப் பில், பால் அட்டை, போனில் ஸ்கேன் செய்து கொடுத்த பணம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பண்டிகை வந்த மாதம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் தொடக்கப் புள்ளி. கணவரையும் உட்கார வைத்து எழுதுங்கள். பிறகு தொகையைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

குறைக்க வேண்டுமென்றால் எதில் கை வைப்பது? பெரும்பாலானவர்கள் பருப்பையும் எண்ணெயையும்தான் முதலில் குறைப்பார்கள். நான் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பங்கள் மொத்தச் செலவில் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக உணவுக்குச் செலவிடுவதாக வந்தது. அந்த உணவுச் செலவிலேயே பெரிய பங்கு, அதாவது மொத்தச் செலவில் ஏறத்தாழ 11 விழுக்காடு, பானங்கள், நொறுக்குத் தீனி, கடையில் வாங்கும் சமைத்த உணவு ஆகியவற்றுக்குப் போகிறது. அரிசி, கோதுமைக்கு ஆகும் செலவு இதைவிட மிகக் குறைவு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பற்று நோட்டை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள், பாட்டில் பானம், அவசரத்துக்கு வாங்கிய இட்லி மாவு இவையெல்லாம் மாதச் சாமான் லிஸ்டில் வராது. லிஸ்டில் வராததால் கணக்கிலும் வராது.

இதற்கு நான் சொல்லும் வழி, பணத்தை ஆரம்பத்திலேயே பிரித்து வைப்பதுதான். மாதச் சாமானுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, காய் - கறிக்கு வாரா வாரம் ஒன்று, தின்பண்டத்துக்கு ஒன்று. காய்கறிப் பணத்தை மாதம் முழுவதற்கும் சேர்த்துக் கையில் வைத்திருக்காதீர்கள். நான்கு உறைகளாகப் போட்டு, அந்தந்த வாரம் அந்தந்த உறையை மட்டும் எடுங்கள். போனில்தான் பணம் கொடுப்பீர்கள் என்றால் இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, அதில் வாரத் தொகையை மட்டும் போடுங்கள். தின்பண்ட உறையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடலாம். தீர்ந்தால் அடுத்த வாரம்தான். பிள்ளைகள் சீக்கிரமே பழகிக்கொள்வார்கள்.

இன்னொன்று, விலை ஏறும் காலம் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி, சின்ன வெங்காயம் ஏறும். முருங்கைக்காய் தை வரைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கும். அந்த வாரங்களில் தக்காளி இல்லாத சமையலுக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, பருப்புத் துவையல் என்று எவ்வளவோ இருக்கிறது. அதே மாதிரி மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருடத்துக்கு வாங்கிக் காயவைத்துக்கொள்வதும், வெயில் காலத்தில் மிளகாய், மல்லி வாங்கி மில்லில் அரைத்து வைப்பதும் பெரியவர்கள் செய்ததுதான். உங்கள் மாமியாருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும், கேளுங்கள். அதற்கான பணத்தை அந்த மாதப் பட்ஜெட்டில் திணிக்காமல், மாதம் 200, 300 என்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தால் சிரமம் தெரியாது.

கேள்வி: எப்போதும் வாங்கும் எண்ணெய் பாக்கெட் திடீரென்று விலை குறைந்திருக்கிறதே என்று வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் 850 கிராம் என்று போட்டிருக்கிறது. இது ஏமாற்று இல்லையா?
— வாசகர், விருதுநகர்

பதில்: அளவைச் சரியாக அச்சிட்டிருந்தால் சட்டப்படி அது குற்றமாகாது. சமையல் எண்ணெய், பிஸ்கட், தேயிலை போன்றவற்றை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022-ல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டின் மேல் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இனிமேல் முதலில் அதைப் பாருங்கள். கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தால் மட்டும் நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அச்சிட்டிருப்பது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு.

எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 850 கிராம் பாக்கெட்டில் ஒரு லிட்டர் இருக்காது, ஏறக்குறைய 930 மில்லிதான். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடும்போது இரண்டிலும் கிராமை மட்டும் பாருங்கள். மில்லி, வெப்பநிலைக்குத் தக்கபடி கொஞ்சம் மாறும். எடை மாறாது.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடவும் வேண்டாம். 2 ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டில் 6 மில்லி இருந்தால் மில்லிக்கு 33 காசு. அதே ஷாம்பூ பாட்டிலில் மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல ஷாம்பூக்களில் பாட்டில்தான் விலை கூட.

அளவு, விலை எதுவும் அச்சிடாத பாக்கெட்டோ, போட்டிருக்கும் எடைக்குக் குறைவான பாக்கெட்டோ கைக்கு வந்தால் அது குற்றம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பில்லோடு புகார் கொடுங்கள்.

கேள்வி: அரிசி மூட்டை 25 கிலோ வாங்குவது நல்லதா, 26 கிலோவா? கடையில் இரண்டும் இருக்கிறது.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. 26 கிலோ சிப்பம் வந்த கதை இதுதான். அந்த வரி மிச்சம் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்பது கிலோ விலையைப் பார்த்தால்தான் தெரியும். 25-ஆலும் 26-ஆலும் வகுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். வீட்டில் இரண்டே பேர் என்றால் எந்த மூட்டையும் வேண்டாம். வண்டு வந்தால் மிச்சமெல்லாம் வீண்.

கேள்வி: பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பில் வாங்கப் பழகிவிட்டோம். பில்லில் நான் சேர்க்காத ஏதோ ஒரு கட்டணம், சில சமயம் நான் சேர்க்காத பொருளே இருக்கிறது.
— வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சேர்க்காத பொருளை, நன்கொடையை, கூடுதல் சேவையை உங்கள் சம்மதம் இல்லாமல் கூடையில் போடுவது தவறான வணிக உத்தி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முழு விலையை முதலில் காட்டாமல் பணம் கட்டும் இடத்தில் ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் வேறு. கட்டணத்தைவிட, ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக ஆப்பைத் திறந்து 300 ரூபாய்க்கு வாங்குவதுதான் பெரிய நஷ்டம். “இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்” என்று காட்டும்போது தேவையில்லாத பொருள் உள்ளே வருகிறது. வாரத்துக்கு ஒரே ஆர்டர் என்று வைத்துக்கொண்டு, இடையில் தேவைப்படுவதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மறுநாள் பார்க்கும்போது பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கேள்வி: ரேஷனில் பருப்பும் பாமாயிலும் வாங்கப் போனால் சோப்பு, டீத்தூள் வாங்கினால்தான் தருவேன் என்கிறார்கள். போவதையே நிறுத்திவிட்டேன்.
— வாசகி, சேலம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அரிசி அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் இரண்டுமே நூறைத் தாண்டும். இரண்டிலும் சேர்த்து மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் உங்களுக்கு மிச்சம். இலவச அரிசியை இட்லி, தோசைக்கு ஊறப்போட்டால் இன்னும் மிச்சம். வேறு பொருள் வாங்கினால்தான் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்று சொல்லுங்கள், மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நீங்கள் போகாத மாதத்திலும் பொருள் வாங்கியதாகப் போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் அதையும் அதே எண்ணில் சொல்லுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் நடத்தும் தீபாவளி மளிகைச் சீட்டில் மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறேன். கடைசியில் மளிகை, இனிப்பு, ஒரு வெள்ளிக் காசு தருவதாகச் சொல்கிறார். பாதுகாப்பானதா?
— வாசகி, திருவண்ணாமலை

பதில்: பண்டிகைச் செலவை மாதா மாதம் சேர்ப்பது மிக நல்ல பழக்கம். அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் பணத்தை எங்கே போட்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அரசின் ஒழுங்குமுறைக்குள் வராத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இதற்கு என்ன பதிவு வைத்திருக்கிறீர்கள், எண்ணைக் காட்டுங்கள் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். இதுவரை கட்டியதற்குத் தேதி, தொகை போட்டு அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கி வையுங்கள். பணம் திரும்பி வராவிட்டால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் கொடுக்க அந்தத் தாள்தான் சாட்சி. அடுத்த வருடத்துக்கு அதே 1,000 ரூபாயை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போடுங்கள். புரட்டாசியில் முடிகிற மாதிரி தேதி பார்த்துத் தொடங்கினால், தீபாவளிக் கூட்டம் சேருவதற்குள் நிதானமாகச் சாமான் வாங்கிவிடலாம்.