11 எண்ணிக்கை எங்கே சறுக்கியது?

கேள்வி: கோத்தகிரியில் ஐந்து பேர் சேர்ந்து ராக் குழு நடத்துகிறோம். இரண்டு லீட் கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். டிசம்பரில் ஊட்டியில் ஓர் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘விப்பிங் போஸ்ட்’ பாடலை 19 நிமிடம் வாசித்தோம். ‘ஒரே இழுவை’ என்று பாதியில் சிலர் எழுந்து போய்விட்டார்கள். செல்போனில் எடுத்த பதிவை அனுப்பியிருக்கிறோம். நீளம்தான் தப்பா? தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: நீளத்தில் தப்பில்லை. இதே பாடல் 1969-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடச் சொச்சம்தான். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது ஏறக்குறைய 23 நிமிடம். அதை இன்றைக்கும் உட்கார்ந்து முழுசாகக் கேட்க முடிகிறது என்றால், ஏற்ற இறக்கம்தான் காரணம். முதலில் கிட்டார்காரர் டுவேன் ஆல்மன் சோலோ (தனி வாசிப்பு), பிறகு கிரெக் ஆல்மன் பாடும் சரணம், அதன் பிறகே இன்னொரு கிட்டார்காரர் டிக்கி பெட்ஸின் சோலோ. அதுவும் உச்சிக்குப் போனபின் தாளமே கரைந்து போகிற மாதிரி எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து மறுபடி ஏறுகிறார்கள். கேட்பவருக்கு மூச்சு வாங்க இடம் இருக்கிறது.

உங்கள் வாசிப்புக்கு வருவோம். பேஸ் தனியாக ஆரம்பிக்கும் இடம் அருமை, ஒலியும் உறுதி. அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடர்) 11 எண்ணிக்கை: தகிட தகிட தகிட தக (3+3+3+2). பாட்டு தொடங்கியதும் 12 ஆகிவிடும், அதாவது நாலு தகிட. நீங்கள் சறுக்கியது இந்தத் திருப்பத்தில். முதல் சரணம் முடிந்து ரிஃப் திரும்பும்போது (பதிவில் 1:50) டிரம்ஸ் இன்னும் 12-லேயே இருக்கிறது. கடைசி ‘தக’வை ‘தகிட’வாக நீட்டியதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண்ணிக்கை பின்தங்குகிறது. மூன்று சுற்று கழித்து கிட்டார்கள் நின்று காத்திருந்து சேர்ந்துகொள்கின்றன. கூட்டம் முதலில் நெளிவது இங்கேதான். தாளக் கணக்கு தெரியாதவர் காதுக்கும் இந்தத் தடுமாற்றம் எட்டிவிடும்.

இதற்கு வாத்தியத்தைத் தொடாமல் பயிற்சி செய்யுங்கள். ஐவரும் வட்டமாக உட்கார்ந்து சொல்கட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 11-இல் நாலு சுற்று, நிறுத்தாமல் 12-இல் நாலு சுற்று, மறுபடி 11. ஒவ்வொரு ‘த’வுக்கும் கைதட்டு. மெதுவாகத் தொடங்கி, பத்து முறை பிசகாமல் வந்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். டிரம்ஸ்காரர் அந்த ‘தக’ விழும் இடத்தில் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மில் ஒரே மாதிரி அடி வைத்தால் மற்ற நால்வருக்கும் அதுவே அடையாளம்.

அடுத்தது சத்தம். ஆறாவது நிமிடத்திலேயே ஐந்து பேரும் உச்சத்தில் நிற்கிறீர்கள். மிச்சம் 13 நிமிடத்துக்குக் கையில் ஒன்றும் இல்லை. போதாததற்கு இரண்டு கிட்டாரும் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்திலுள்ள உலோகக் கட்டை) மேலே, உச்ச ஸ்தாயியிலேயே சுற்றுகின்றன, கீபோர்டு இரண்டு கையாலும் முழுக் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்கிறது. ஒருவர் சோலோ வாசிக்கும்போது இன்னொரு கிட்டார் கீழ்ஸ்தாயியில் இரண்டு மூன்று ஸ்வரத்தோடு நிற்கட்டும். கீபோர்டு ஒரு கையோடு நிறுத்திக்கொள்ளட்டும், முதல் இரண்டு நிமிடம் வாசிக்காமலே இருந்தாலும் நல்லது.

எங்களுக்கு உண்மையாகவே வலித்த இடம் 11:30. பேஸ் வாசிப்பவர் வரிகளைச் சுருக்கி இரண்டே ஸ்வரத்துக்கு வருகிறார். ‘வாருங்கள், இறங்குவோம்’ என்ற அழைப்பு அது. 19 நிமிடத்தில் மிகச் சிறந்த யோசனையும் அதுதான். ஒருவரும் காது கொடுக்கவில்லை. நாலு சுற்று பார்த்துவிட்டு அவரும் பழையபடி வாசிக்கப் போய்விட்டார். பாடகர் பாடிய கற்பனை ஸ்வரத்துக்கு வயலின் பதில் சொல்லாமல் தன்பாட்டுக்கு வாசித்தால் கச்சேரி என்ன ஆகும்? ஜாமிலும் (எல்லோரும் சேர்ந்து கற்பனையாக வாசிப்பதிலும்) அதேதான். யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்கினால் நாலு சுற்றுக்குள் ஒருவராவது அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று ஒத்திகையில் கட்டாயம் வையுங்கள். எழுந்து போனவர்கள் நீளத்துக்காகப் போகவில்லை. மேடையில் உரையாடல் நின்றுபோனதால் போனார்கள்.

13 நிமிடத்துக்கு மேல் கிட்டார்களின் சுருதி கீபோர்டுக்குக் கீழே இறங்குகிறது. அதற்குக் காரணம் மலைக்குளிருக்கும் மேடைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம். கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

கேள்வி: சொந்தப் பதிவை நாங்களே கேட்டு விமர்சனம் எழுதிக்கொள்ள என்ன முறை? செல்போன் பதிவை எவ்வளவு நம்பலாம்? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் கேளுங்கள். மனம் எங்கே அலைபாய்ந்தது என்பதை மட்டும் முடிந்ததும் எழுதுங்கள். இரண்டாம் முறை வேகம்: நாலைந்து இடங்களில் 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ‘விப்பிங் போஸ்ட்’ மாதிரிப் பாடல் என்றால் 11 எண்ணிக்கைப் பகுதியில் எண்ணாதீர்கள். அங்கே கடைசித் தட்டு குறுகியது என்பதால் கணக்கு தப்பும். உதாரணமாக, நிமிடத்துக்கு 64-இல் தொடங்கி, சோலோ ஏற ஏற 70-க்குப் போனால் குற்றமில்லை. 70-இலிருந்து பாட்டு வந்ததும் சட்டென்று 64-க்கு விழுந்தால் அது குற்றம். அதற்கப்புறம் ஒரு முறைக்கு ஒரு வாத்தியம் என்று கேளுங்கள், முக்கியமாக உங்கள் வாத்தியத்தைக் கடைசியில்.

செல்போனிடம் இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அதிலுள்ள தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை அமுக்கிவிடும். நீங்கள் அழகாக இறங்கி ஏறியிருந்தாலும் பதிவில் தட்டையாகத் தெரியும். பதிவுச் செயலியில் அதை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இரண்டாவது, சிறிய மைக்கில் தாழ்ந்த ஒலி சரியாக விழாது. அந்தப் பதிவை வைத்து ‘பேஸ் கேட்கவே இல்லை’ என்று யாரையும் குறை சொல்லக் கூடாது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் வைக்காமல் அரங்கின் நடுவில், தலை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட மறக்க வேண்டாம்.

கேள்வி: குன்னூர் பக்கம் எங்கே வாசித்தாலும் பாட்டு பாதி போவதற்குள் கிட்டார் சுருதி இறங்கிவிடுகிறது. கம்பி மோசமா?

பதில்: கம்பியைக் குறை சொல்ல வேண்டாம். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். குளிர்ந்த அறையில் அதைச் சரிசெய்துவிட்டு, ஹாலஜன் விளக்கும் கூட்டமும் சூடேற்றிய மேடைக்கு வந்தால் கம்பி தளர்ந்து இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் இறங்காது. கீபோர்டு அசையாது என்பதால் பிசகு பளிச்சென்று கேட்கும். பனியில் ஜீப்பில் வந்த கிட்டாரை உறையோடு அரை மணி நேரம் அரங்குக்குள் வைத்த பிறகே திறவுங்கள். இல்லாவிட்டால் கம்பியில் ஈரம் பூக்கும். விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் வாசித்த பின் மேடையிலேயே சுருதி சேருங்கள். கம்பி புதிது என்றால் முந்தின நாளே மாட்டி, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்து விட்டு, இறங்குவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். நீண்ட பாடலில் ஒரு கிட்டார் ஓயும் நேரம் வரும். கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) அப்போது பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.