நெஞ்சுவலி: ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதா, காரிலேயே கிளம்புவதா?

"அப்பாவுக்கு 68 வயது. நள்ளிரவில் நெஞ்சை அழுத்துவதுபோல் வலி. ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் காரிலேயே கூட்டிப்போய்விட்டோம், செய்தது சரிதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அப்பா நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அடுத்த முறை முதலில் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். மாரடைப்பின் ஆரம்ப நேரத்தில்தான் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோகும் ஆபத்து அதிகம். அப்போது ஷாக் கொடுக்கும் கருவி வேண்டும். யாரும் நெஞ்சை அமுக்காமல் விட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பிள்ளையால் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? நல்ல ஆம்புலன்ஸ் என்றால் வழியிலேயே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவார்கள், அங்கே ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

நல்ல ஆம்புலன்ஸ் என்றால்தான். ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு சைரன், ஒரு டிரைவர், இவ்வளவுதான் இருக்கிற வண்டிகளும் ஆம்புலன்ஸ் என்றே ஓடுகின்றன. அவற்றை ஏற்பாடு செய்கிற தரகர்கள் "அங்கே பெட் கிடைக்காது, எனக்குத் தெரிந்த இடம் இருக்கு" என்பார்கள், நம்பாதீர்கள், அது கமிஷனுக்காகச் சொல்வது. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதியுள்ள இடத்தைத் தாண்டி, அது இல்லாத இடத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்ட ஒருவர் இரண்டரை மணி நேரம் கழித்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார், இன்றும் மனது ஆறவில்லை. வண்டியில் ஷாக் கருவி இருக்கிறதா, பின்னால் பயிற்சி பெற்ற ஆள் இருப்பாரா, போகும் இடத்தில் இரவிலும் அடைப்பை நீக்குவார்களா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

காரில் போகவே கூடாதா? போகலாம், ஆம்புலன்ஸ் வரவே வெகுநேரமாகும் என்று அவசர எண்ணில் பேசுபவரே சொன்னால். நீங்களாக "லேட்டாகும்போல" என்று முடிவெடுப்பது இதில் சேராது. அப்போதும் வலி உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், போன் ஸ்பீக்கரில் இருக்கட்டும். வழியில் நினைவிழந்து மூச்சு நின்றாலோ, குறட்டை மாதிரி இழுத்தாலோ உடனே ஓரம்கட்டி, கீழே படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம் இறங்குமளவுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள்.

இவ்வளவும் நோயாளியின் வீட்டார் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதே அநியாயம். உள்ளே கருவி இல்லாத வண்டியில் ஆம்புலன்ஸ் என்று எழுத எப்படி அனுமதிக்கிறார்கள்? ஒழுங்கான ஆம்புலன்ஸோ, நோயாளியை ஒப்படைக்க முடியாமல் மருத்துவமனை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும், அதற்காக இன்னொரு வீட்டில் ஒரு நோயாளி காத்திருப்பார்.

சரி, உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். அப்பாவின் மாத்திரைச் சீட்டைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கூப்பிட்டதும் வாசல் விளக்கைப் போட்டு, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள்.