கணவரைப் பாய்மரப் படகில் அனுப்பலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். என் கணவர் இங்கே படிக்க வந்து, தேவைப்படும் மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்த 'மாவ்னி' திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு. ஆப்கானிஸ்தானில் ஒரு வருடம் இருந்தார். வண்டிக்கு அருகே குண்டு வெடித்திருக்கிறது. பி.டி.எஸ்.டி.க்கு (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) மாத்திரை சாப்பிடுகிறார், கவுன்சலிங் போகிறார். ஆனாலும் எங்களோடு ஒட்டுவதில்லை. முன்னாள் வீரர்களை 5 நாள் பாய்மரப் படகில் அழைத்துப் போகும் ஓர் அமைப்பு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. செலவு எதுவும் இல்லை. "போயிட்டு வந்தா மாத்திரையை நிறுத்திடலாம்" என்கிறார். நீச்சல்கூடத் தெரியாது. அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள், சகோதரி. ஆனால் மாத்திரைகளும் அவரோடு படகேற வேண்டும். திரும்பி வந்த பிறகும் அவற்றை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டரோடு பேசி எடுக்கும் முடிவு.

உங்கள் கணவர் ஓட்டலில் சுவரில் முதுகு படும்படி உட்காருவார், ராத்திரி இரண்டு மூன்று முறை கதவைச் சரிபார்ப்பார் என்று நினைக்கிறேன். இந்த நோயோடு போரிலிருந்து திரும்பியவர்கள் பலர் அப்படித்தான். வீட்டில் அந்த விழிப்பு வியாதியாகத் தெரிகிறது. படகில் அதுவே வேலைக்கு ஆகிறது. காற்று திரும்புகிறதா, எதிரே கப்பல் வருகிறதா, பாய் தளர்ந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் கயிறு இழுக்க, முறை வைத்து எல்லோரும் காவல் இருக்க வேண்டும். ஒருவர் தூங்குவது இன்னொருவர் விழித்திருக்கும் தைரியத்தில்தான். ராணுவத்தை விட்டு வந்தவர்கள் இழந்தது இதைத்தான். வட்டமாக உட்கார்ந்து "மனம் விட்டுப் பேசுங்கள்" என்றால் வாய் திறக்காதவர்கள், கையில் கயிறு இருக்கும்போது பேசிவிடுவார்கள்.

இது புது யோசனையும் அல்ல. இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்தில் 'டர்ன் டு ஸ்டார்போர்ட்' என்ற அமைப்பு 2012-இல் இதற்காகவே தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை சான் டியாகோவில் நடத்தும் கோடை விளையாட்டு முகாமிலும் பாய்ப்படகு உண்டு.

ஆனால் பாய்ப்படகு பி.டி.எஸ்.டி.யைக் குணமாக்கும் என்று சொல்லுமளவுக்கு ஆய்வு பலமில்லை. சான் டியாகோ கடற்படை மருத்துவமனையில் மனச்சோர்வு உள்ள வீரர்களை ஒரு குழுவாக அலைச்சறுக்குக்கும், இன்னொரு குழுவாக மலைநடைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் சோர்வு குறைந்தது. ஆக, மந்திரம் கடல் தண்ணீரில் மட்டும் இல்லை. அதுவும் வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத்தான் செய்தார்கள். நினைவுகளை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகள்தான் இன்றைக்கும் முதல் வரிசை மருந்து.

அனுப்பும் முன் டாக்டரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். கெட்ட கனவுக்குப் பிரசோசின் கொடுத்திருந்தால், சட்டென்று எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆடும் படகில் அது ஆபத்து. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் சாப்பிடுபவர் என்றால், வெயிலிலும் வாந்தியிலும் உடம்பில் நீர் குறையும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கடல் குமட்டலுக்கான மாத்திரைகள் பலவும் தூக்கக் கலக்கம் தரும், தூக்க மருந்தோடு சேர்ந்தால் அது இன்னும் கூடும். குண்டு அருகே வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிர்ச்சியில் காதின் உள்ளே சமநிலையைக் காக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் குமட்டல் மற்றவர்களைவிட மோசமாக வரலாம். இதை மறக்காமல் கேளுங்கள்.

சத்தமும் ஒரு விஷயம். பாயைத் திருப்பும்போது அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், துப்பாக்கிச் சத்தம் போலவே. அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி அதிர்ச்சி போய்விடும்.

நீச்சல் தெரியாதது தடையல்ல. உயிர்காப்பு உடையையும், படகோடு இணைக்கும் பாதுகாப்பு வாரையும் தளத்தில் இருக்கும்போதெல்லாம் போடச் சொல்வார்களா என்று அமைப்பிடம் கேளுங்கள். இன்னும் சில கேள்விகள்: தலைமை மாலுமிக்குக் கடலோரக் காவல்படை உரிமம் இருக்கிறதா? மதுவுக்குத் தடை உண்டா? ராத்திரி துறைமுகத்தில் தங்குவார்களா, கடலிலேயே ஓடுவார்களா? தூக்கம் கெட்டவருக்கு முதல் பயணத்தில் துறைமுகத் தங்கல்தான் நல்லது. நடுவில் ஒருவர் முடியவில்லை என்றால் எங்கே இறக்குவார்கள்? இதற்குத் தடுமாறும் அமைப்பு என்றால், நான் என் வீட்டாளை அனுப்ப மாட்டேன்.

"நானும் வரட்டுமா" என்று கேட்டுப் பார்க்காதீர்கள். முதல் முறை அவர் தனியாகவே போகட்டும்.

திரும்பி வந்ததும் ஓரிரு நாள் உற்சாகமாக இருப்பார், பிறகு சட்டென்று முன்னைவிடச் சோர்ந்து போகலாம். படகில் இருந்த துணை இங்கே இல்லையே! கைவிட்டுவிடாதீர்கள். அந்த வாரத்துக்கான கவுன்சலிங் நேரத்தை முன்பே வாங்கி வையுங்கள். "என்ன பேசினீங்க, அழுதீங்களா?" என்று துருவ வேண்டாம். கற்றுக்கொண்ட முடிச்சு ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூட வந்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருந்தால் தொல்லையாக நினைக்காதீர்கள்.

உயிரை விடுவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினாலும் காத்திருக்க வேண்டாம். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி 24 மணி நேரமும் கிடைக்கும், நீங்களே அழைக்கலாம். ஊருக்கு அருகில் முன்னாள் வீரர்களுக்கான ஆலோசனை மையமான 'வெட் சென்டர்' இருந்தால் அங்கே குடும்பத்தாருக்கும் கட்டணமில்லாத ஆலோசனை உண்டு. அவர் படகில் இருக்கும் 5 நாளில் நீங்கள் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.